சராசரிக் கடல்மட்டம்

நீலம் நம்முடையது. சாம்பல் உலகத்தினுடையது.
நாற்பது வருடங்களை
ஒரு தாளின் அகலத்துக்குள் உட்காரவைத்திருக்கிறேன்.
கோடு இன்னும் கொஞ்சம் தடிமனாக இருக்கட்டும் என்கிறார்
நெறியாளர் லூர்துநாதன்.
நாட்டையா உலகத்தையா என்று கேட்கவில்லை,
இரண்டையும் தடிமனாக்கினேன்.

தொடக்கத்தில் நாம் கீழே.
பத்து வருடம் கழித்தும் கீழே.
அப்புறம் நீலம் மூச்சிரைக்க ஏறுகிறது.
சாம்பலும் சும்மா இல்லை, அதுவும் ஏறுகிறது,
கிளம்பிவிட்ட பஸ்ஸை
கையாட்டிக்கொண்டே துரத்துகிற மாதிரி.
ஓர் இடத்தில் உலகத்துக்குக் கால் இடறியது,
எங்கேயோ வீட்டுக்கடன்கள் சரிந்த வருடம்.
இடைவெளி சுருங்கிற்று.
நாம் நெருங்கினோமா, அது இறங்கியதா
என்று ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.
ஆய்வேட்டில் கேள்விக்குறி வேண்டாம் என்று
ரப்பரால் அழித்தார்,
தூளையும் ஊதிவிட்டார்.

காலாப்பட்டிலிருந்து கடலூர் முதுநகருக்கு
இரண்டு பஸ்.
முள்ளோடையில் பாதிப்பேர் இறங்கிவிடுவார்கள்.
ஒரே பாட்டில்,
எல்லைக்கு இந்தப்பக்கம் ஒரு விலை, அந்தப்பக்கம் ஒரு விலை.
இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி
வருகிற விலைக்கு விற்கும் கடை
அந்தச் சாலையில் எங்கும் இல்லை.

நிசாரின் செல்போன் கடைதான் எங்கள் தெருவுக்கு வங்கி.
தடைக்கால நிவாரணம் ஏறியிருக்கிறதாம்,
அஞ்சலாட்சி விரலை வைக்கிறாள்.
பொருந்தவில்லை.
ஆள்காட்டி, நடுவிரல், மோதிரம்,
சேலையில் துடைத்து மறுபடி கட்டைவிரல்.
ஐஸும் உப்பும் சுறாத்தோலும்
தேய்த்து வழித்த இடத்தில்
ரேகை தேடிக் களைத்து
அணைகிறது சிவப்பு விளக்கு.
நாளைக்கு வாங்கக்கா, சர்வரும் சரியில்ல.

என் அட்டவணையில் அவள்
கணக்கு உள்ளவர்களில் ஒருத்தி.
நீலத்தை ஒரு மயிரிழை மேலே தள்ளியதில்
அந்த விரலும் உண்டு.

அட்டவணையில் இல்லாதது
அவள் சுருக்குப்பையில் கடன் வாங்கிய ஏழு பேர்.
ஒருத்திக்கு மகளின் ஸ்கேன், ஒருத்திக்கு வாடகை,
தண்டல்காரர் கலியமூர்த்திக்கே
ஒரு தீபாவளிக்கு முந்தின ராத்திரி.
ஏழாவது ஆள் நான்.
இந்த ஆய்வேட்டுக்குக் கட்டிய கட்டணம், மூவாயிரம்.

துறைமுகச் சந்திப்பு ரயிலடியில்
மஞ்சள் பலகை ஒன்று இருக்கிறது.
சராசரிக் கடல்மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர்.
நடக்கிற தூரத்தில் கடலை வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார்கள்.
அந்த மட்டத்தில் கடல் நின்று நான் பார்த்ததில்லை.
ஏறும்போது தாண்டிப் போகும்,
இறங்கும்போதும் தாண்டித்தான் போகும்.
அந்த டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை
தெருவுக்குள் வந்து
அடுப்புகளை அணைத்துவிட்டுத் திரும்பியது.
பலகையில் எண்ணை யாரும் மாற்றவில்லை.
சராசரிக்கு அது ஒரே ஒரு நாள்.

என் பையிலிருந்து நழுவிய தாளை
அஞ்சலாட்சிதான் எடுத்தாள்.
இதுல நாம எது?
நீலம்.
மேல இருக்கிறது யாரு?
யாருமில்ல. எல்லாரையும் கூட்டி வகுத்தது.
தாளைத் தலைகீழாகத் திருப்பினாள், மறுபடி நேராக.
யாருமில்லாத ஆளுக்குக் கீழயா இருந்தோம் இத்தன நாளா?

பதில் இருந்தது என்னிடம்,
திட்ட விலக்கம், எடையிட்ட சராசரி என்றெல்லாம்.
நிசார் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தான்.

சரி, வட்டிய வச்சிட்டுப் போ என்றாள்.
நூற்றுக்கு மூன்று, மாதத்துக்கு.
வங்கிகள் வாங்குவதைவிட அது எவ்வளவு மேலே என்று
தெருவில் எனக்கு மட்டும்தான் துல்லியமாகத் தெரியும்.
சொல்லவில்லை.
கட்டணத்துக்குக் கடைசி நாளன்று
எந்தக் கோடும் கதவைத் திறக்கவில்லை.

தொண்ணூறு ரூபாய்.
அவள் எண்ணிப் பார்த்தாள்,
அந்த விரல்களால்தான்,
ஒரு நோட்டுகூடத் தப்பாமல்.